நான்கு விரல் கதவு

பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் முழு முகத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது என் அருகில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். அதுவரைக்கும் அவரில் எனக்குத் தெரிந்தது ஒரு கண், மூக்குத்தி இருந்த பக்கத்து மூக்கு, கம்பளிச் சட்டை போட்ட ஒரு தோள், இவ்வளவுதான். வெள்ளைக்காரர் நாட்டில், கோலியர்ஸ் வுட் என்ற பகுதியில், பழைய செங்கல் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் எதிரும் புதிருமாக இல்லாமல், ஒட்டிப் பிறந்தவை போல இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள், ஒன்றில் அவர். எப்போது தட்டினாலும் கதவு நான்கு விரல் அகலம் திறக்கும். உள்ளே மாட்டியிருக்கும் சங்கிலி இறுகி நிற்கும். அதற்கு மேல் அது திறந்து நான் பார்த்ததில்லை.

அந்த நான்கு விரல் இடைவெளியில் நுழையக்கூடிய பண்டங்கள் மட்டுமே எங்களுக்குக் கிடைத்தன. பருத்தித்துறை வடை வந்தது, அது தட்டையானது. ரொட்டி வந்தது. பொரித்த மீன் அலுமினியத் தாளில் சப்பையாகச் சுற்றி வந்தது. பனங்கிழங்கு மாவில் மீன் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சும் நாட்களில் வாசனை மட்டும் வந்தது. கூழை எந்தத் தாளில் சுற்றுவது? என் மனைவி நாகர்கோவில்காரி, மீன் வாசத்துக்கு உயிரை விடுபவள். "அந்தச் சங்கிலிய ஒரு நாள் அறுத்துட்டுதான் மறு வேலை" என்பாள்.

தட்டினால் முதலில் "ஆர்?" என்று கேட்பார். "நான்தான் ஆன்ட்டி, பக்கத்து வீடு" என்றால், "எந்தப் பக்கம்?" என்பார். அவருக்கு இருந்ததே ஒரு பக்கம்தான், மறுபக்கம் லிஃப்ட். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் "இந்தப் பக்கம்" என்று பதில் சொல்லி, என்னை நிரூபித்த பிறகுதான் வடை வரும். ஒருமுறை சிரித்துக்கொண்டே ஏன் இப்படி என்று கேட்டேன். "தட்டினவுடனை திறக்கிற பழக்கம் எங்கட ஊரில எப்பவோ இல்லாமல் போச்சு தம்பி" என்றார். "தனியா இருக்கீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டதற்கு, "ஓம், தனியத்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போனாள். இரண்டு பெரிய பெட்டிகளோடு அவள் கிளம்பியதை அந்த ஒற்றைக் கண் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன், பொருட்படுத்தவில்லை. வீட்டிலிருந்தபடியே மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. நாள் முழுக்க இல்லாத பிழைகளைத் தேடும் ஒருவனை வீட்டில் தனியாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

நான் ஒரு ஸ்பெயின் நாட்டுத் தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அதில் எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்படுகிறார்கள். ஒரு வீட்டில் ஒருவன் ஒரு பெண்ணைப் பூட்டி வைத்திருக்கிறான். அவள் சுவரைத் தட்டிக் கதறுகிறாள். அண்டை வீட்டார் காது கேட்காதவர்கள் போல சூப் குடிக்கிறார்கள். ஆங்கிலக் குரல் போட்டுப் பார்த்தால் உணர்ச்சி செத்துவிடும் என்று நம்புகிறவன் நான். அதனால் ஸ்பானிஷ் மொழியிலேயே, கீழே ஆங்கில வரிகளோடு, புதிதாக வாங்கிய ஒலிபெருக்கியின் முழு பலத்தில், தினமும் மாலை டீயோடு பார்த்தேன். அந்தப் பெண் கதறினால் என் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

மூன்று பாகம் பார்ப்பதற்குள் நான் துப்பறிவாளனாகிவிட்டேன். தனியாக இருப்பதாகச் சொன்ன ஆன்ட்டியின் ஜன்னலோரம் ஆண்களின் சட்டைகள் காய்ந்தன. கடைப்பையில் சவர பிளேடுகள் எட்டிப் பார்த்தன. மாலையானால் சுவருக்கு அந்தப் பக்கம் தொம் தொம் என்று சத்தம், நாற்காலியை இழுக்கும் சத்தம், யாரோ கதவில் மோதும் சத்தம். அதுவும் நான் தொடர் பார்க்கும் நேரமாகப் பார்த்து. புத்தியுள்ள எவனும் இரண்டுக்கும் தொடர்பு என்னவென்று யோசித்திருப்பான். நானும் யோசித்தேன். அவர் செய்யும் காரியத்தின் சத்தத்தை மறைக்க என் தொடரின் சத்தத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார் என்று கண்டுபிடித்தேன்.

அடுத்து வந்ததுதான் வாக்குமூலம். சமையலறைச் சுவர் அப்பளம் மாதிரி. ஒரு மாலை அவர் போனில் பேசுவது அப்படியே கேட்டது. "ஓம் பிள்ளை, நான்தான் அவரை முடிச்சனான். எங்கட வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. மாசக்கணக்கா மறைச்சு வைச்சனான். பிறகு தெரிய வந்து ஒரே சண்டை. நான் அழவே இல்லை. முடிச்சது முடிச்சதுதான் எண்டு சொல்லிப்போட்டன்."

கையில் இருந்த டீ கம்ப்யூட்டர் மேல் கொட்டியது. எங்கள் சென்னையில் ஒருவனை முடித்துவிட்டேன் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சவர பிளேடு, நாற்காலி, தொம் தொம் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன. நான் உடனே என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? வாசல் கதவில் இரண்டாவது தாழ்ப்பாளையும் போட்டேன். பிறகு, பாதியில் நின்றிருந்த பாகத்தை ஓடவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மாலை போலீஸ் வந்தது. உயரமான ஓர் ஆள், கூட ஒரு பெண் கான்ஸ்டபிள். "இந்த வீட்டிலிருந்து ஒரு பெண் கதறும் சத்தம் கேட்பதாகத் தகவல் வந்திருக்கிறது" என்றார் உயரமானவர்.

"இந்த வீடா? அடுத்த வீடு என்று சொல்லியிருப்பார்களே" என்றேன், உதவும் மனப்பான்மையோடு.

அவர்கள் உள்ளே வந்து அலமாரியைத் திறந்து பார்த்தார்கள், குளியலறையைப் பார்த்தார்கள். கடைசியில் தொலைக்காட்சிக்கு முன் நின்றார்கள். அதில் அந்தப் பெண் வாயைத் திறந்தபடி உறைந்திருந்தாள். "எத்தனையாவது பாகம்?" என்று கேட்டார் பெண் கான்ஸ்டபிள். ஏழு என்றேன். "அப்படியென்றால் நான் எதுவும் சொல்லக்கூடாது" என்று சிரித்தார். சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். கீழ் வீட்டுக்காரன்தான் போட்டுக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அத்தோடு கதவைச் சாத்தியிருந்தால் நான் கொஞ்சம் கௌரவமாக வாழ்ந்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்ததா?

"ஐயா, அடுத்த வீட்டில் ஒரு கொலை வாக்குமூலத்தை நான் காதால் கேட்டேன்."

"எந்த மொழியில்?"

"தமிழில்."

"அந்த மொழி உங்களுக்கு நன்றாகத் தெரியுமா?"

"அது என் தாய்மொழி" என்றேன். அத்தனை கம்பீரமாக அதை நான் வேறு எங்கும் சொன்னதில்லை.

ஆன்ட்டியின் கதவு வழக்கம் போல நான்கு விரல் திறந்தது. சீருடையைப் பார்த்ததும் அந்த ஒற்றைக் கண் விரிந்தது. அவருடைய ஆங்கிலம் பால்காரரோடு நின்றுவிடும் என்பதால் என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள்.

"ஆன்ட்டி, உங்க வீட்டுக்காரர் எங்க?"

"வீட்டுக்காரர் இஞ்ச இல்லைத் தம்பி. அவர் வெம்பிளியில. வாடகை வாங்க மட்டும் வருவார்."

கட்டிய மனைவியிடம் வாடகை வாங்கும் கணவன்! அவர் சொன்னது வீட்டின் சொந்தக்காரரை என்பது எனக்கு உறைக்கவில்லை. பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டி நேரடியாக இறங்கினேன். "அப்போ நீங்க முடிச்சது யார ஆன்ட்டி? போன்ல சொன்னீங்களே, கேட்டுச்சு."

அந்தக் கண் என்னை மேலும் கீழும் பார்த்தது. "என்ன விசர்க் கேள்வி தம்பி இது? போலீசைக் கூட்டிக்கொண்டு வந்து கேக்கிற கேள்வியே? நான் என்ர சீவியத்தில ஒருத்தரைத்தான் முடிச்சனான்!"

நான் போலீஸ் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். "தன் வாழ்நாளில் ஒரே ஒருவரைத்தான் தீர்த்துக்கட்டினேன் என்கிறார்."

உயரமானவரின் கை ரேடியோவுக்குப் போனது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து தடித்த ஆண் குரல் ஒன்று கேட்டது. "ஆர் அங்க? அந்தப் பிள்ளை வந்திட்டுதோ?"

தீர்த்துக்கட்டப்பட்டவர் பேசினார். கதவைத் திறக்கச் சொன்னார்கள். ஆன்ட்டி படாரென்று கதவைச் சாத்தினார். பெண் கான்ஸ்டபிள் ஓரடி முன்னே வைத்தார். மூடினால்தான் சங்கிலியைக் கழற்ற முடியும் என்பது அந்தப் பதற்றத்தில் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. சங்கிலி உரசும் சத்தம் கேட்டது, கதவு முழுதாகத் திறந்தது. சின்ன உருவம், நரைத்த கொண்டை, என் அம்மா வயது. அழுதுகொண்டிருந்தார். பின்னால் ஒரு பெரியவர் தடித்த குளிர்கோட்டு போட்டு, எல்லாப் பொத்தானையும் பூட்டி, வீட்டுக்குள்ளேயே பயணத்துக்குத் தயாராக நின்றார்.

"இவர்தான் நான் முடிச்ச மனிசன்" என்றார் ஆன்ட்டி. "கலியாணம் முடிச்ச மனிசன். இவருக்கு எல்லாம் மறந்துபோச்சு. வெளியில போனால் திரும்பி வரத் தெரியாது. ஒருக்கா டூட்டிங் வரைக்கும் போயிட்டார், மீன் கடைப் பெடியன்தான் கூட்டிக்கொண்டு வந்தவன். அதுதான் பூட்டி வைக்கிறனான். அவையளுக்குச் சொல்லுங்கோ தம்பி, இவரைக் கொண்டுபோக வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

அன்று மனைவியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், குழந்தை உதைக்கிறது என்றாள். "எங்க ஊர்லயும் கல்யாணம் முடிக்கிறதுன்னுதானே சொல்றோம்? அப்போ நீங்க என்னைய என்ன பண்ணினீங்க, கொன்னுட்டீங்களா?" சற்று நேரம் கழித்து, சிரிப்பு நின்ற குரலில், "போலீஸ் எழுதிட்டுப் போனாங்களா? இப்போ அந்தப் பெரியவர என்ன செய்வாங்க?" என்று கேட்டாள்.

அதுதான் விஷயம். போலீஸ் கவுன்சிலுக்கு, அதாவது இங்குள்ள நகராட்சிக்கு, தெரிவித்தது. கவுன்சிலிலிருந்து ஒரு பெண்மணி வந்தார், நல்லவர். வெளியே போக முடியாதபடி ஒருவரை அடைத்து வைப்பது ஆபத்து, தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மொழிபெயர்க்க நான் போயிருந்தேன். இம்முறை ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தத்தை இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் வாயைத் திறந்தேன். முதியோர் இல்லம் என்ற பேச்சு வந்தபோது ஆன்ட்டி நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். "இவருக்கு இங்கிலீஷ் மறந்துபோச்சு தம்பி. முப்பது வருசம் போஸ்ட் ஒபிசில வேலை செய்த மனிசன், இப்ப தமிழ் மட்டும்தான் மிச்சம். அங்க விட்டால் தண்ணி எண்டு கேட்டாலும் ஒருத்தருக்கும் விளங்காது. தண்ணி கேட்டுக் கேட்டு இருப்பார். சொல்லுங்கோ."

சொன்னேன். தமிழ் என் தாய்மொழி என்று சொன்னபோது இருந்த கம்பீரம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தப் பெண்மணி யோசித்துவிட்டு, காலையில் உதவிக்கு ஓர் ஆள் அனுப்புவதாகவும், சங்கிலிக்குப் பதிலாகக் கதவு திறந்தால் மணியடிக்கும் கருவி பொருத்துவதாகவும் சொன்னார். ஆனால் இன்னொரு முறை அவர் தொலைந்துபோனால் இல்லம்தான், வேறு வழி இல்லை என்றார்.

சங்கிலி போனது. முதல் நாளே எனக்கு ஒரு சட்டி கூழ் வந்தது. கொண்டுவந்த ஆன்ட்டியின் முகத்தில் தூக்கமே இல்லை. பெரியவர் மாலையானால் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போகிறார், மணி அடிக்கிறது, ஆன்ட்டி ஓடிப்போய்ப் பிடிக்கிறார், எத்தனை நாளைக்கு ஏலும் என்றார்.

"எங்க போகணுமாம்?"

அவர் கூழைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்கட வீட்டுக்குத்தான். கோவியாதேங்கோ தம்பி. உங்கட மனிசி பெட்டியளோட போனதைக் கண்டனான். அடுத்த கிழமையே ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கத்தத் தொடங்கிட்டுது. ஒவ்வொரு நாளும். இவர் அவளைக் காப்பாத்த வேணுமெண்டு கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினவர். நான் கதிரையை இழுத்துக் கதவுக்கு வைச்சு மறிச்சனான். பிறகு நான்தான் எனக்குத் தெரிஞ்ச நாலு இங்கிலீஷ் சொல்லோட போலீசுக்கு அடிச்சனான்."

போலீசுக்கு அடித்ததாகச் சொன்னபோது நான் பதறவில்லை. போன் அடித்தார் என்று புரியும் அளவுக்கு முன்னேறியிருந்தேன். ஆனால் மற்றது புரிய நேரமாயிற்று. அந்தத் தொம் தொம், நாற்காலி இழுபட்டது, கதவில் மோதியது எல்லாம் என் ஒலிபெருக்கியின் கைங்கரியம். நான் துப்புத் துலக்கிய குற்றத்தை நானே தினமும் டீயோடு செய்துகொண்டிருந்தேன்.

"போலீஸ் வந்தா உங்க கதவையும் தட்டுவாங்கன்னு பயமா இல்லையா ஆன்ட்டி?"

"பயம்தான். எத்தினையோ நாள் போனை எடுத்தெடுத்து வைச்சனான். இவரைக் கண்டால் கொண்டுபோயிடுவினம் எண்டு தெரியும். ஆனால் ஒரு பிள்ளை கத்துது தம்பி. கேட்டுக்கொண்டு என்னெண்டு இருக்கிறது?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கொலை நடந்ததாக முழுதாக நம்பிய நான் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அடுத்த பாகம் பார்த்தேன். நான்கு விரலுக்கு மேல் கதவைத் திறக்காத இந்த மனுஷி, முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காகத் தன் கதவையே பணயம் வைத்திருக்கிறார். தொடரில் சூப் குடித்துக்கொண்டிருந்தவர்களைத் திட்டியபடிதான் நான் அத்தனை பாகங்களையும் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

"இப்போதான் ஹெட்போன் போட்டுக்கிறேனே. சத்தமே வராதே" என்றேன்.

"அதுதானே. இவர் என்னையே ஆரெண்டு கேக்கிறார். அந்தப் பிள்ளையை மட்டும் மறக்கேல்லை." கொஞ்சம் தயங்கினார். "தம்பி, நீங்கள் ஒருக்கா வந்து, அவளை விட்டிட்டன் எண்டு சொல்லுவீங்களோ?"

போனேன். பெரியவர் கோட்டுடன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "ஐயா, அந்தப் பொண்ணு போயிடுச்சு. அவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "நீதானே அவளைப் பூட்டி வைச்சனீ?"

நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் யார் யாரைப் பூட்டி வைத்தார்கள் என்ற பேச்சை எடுக்க எனக்குத் துணிவில்லை.

"ஆமாய்யா, நான்தான். தப்புதான். மன்னிச்சுக்குங்க."

"சரி. இனிச் செய்யாதை. போ" என்றார். பிறகு எழுந்து, ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி, கோட்டை ஆன்ட்டியின் கையில் கொடுத்தார்.

மறுநாள் மாலை சுவரில் டொக் டொக் என்று சத்தம். "தம்பி, வாங்கோ. மன்னிப்புக் கேக்கிற நேரமாச்சு." பெரியவருக்கு நேற்று நடந்தது மறந்திருந்தது, அந்தப் பெண் மறக்கவில்லை. அன்றிலிருந்து அது என் அன்றாட வேலை. டீயைக் குடித்துவிட்டுப் போய், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு, மன்னிப்பு வாங்கி, கையில் ஒரு கிண்ணத்தோடு திரும்புவேன். மனைவி குழந்தையோடு திரும்பி வந்த பிறகும் தொடர்ந்தது. "குற்றவாளி, நேரமாச்சு, கிளம்புங்க" என்று அவளே விரட்டுவாள். பெரியவர் அதற்குப் பிறகு தொலைந்துபோகவே இல்லை. கவுன்சில் பெண்மணி ஒருமுறை வந்தபோது, இதற்கு என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று ஆன்ட்டியிடம் கேட்டார். ஆன்ட்டி என்னைக் காட்டினார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

போன குளிர்காலத்தில் பெரியவர் தன் வீட்டிலேயே, தன் கட்டிலில், தமிழில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்த ஒரு காலையில் இறந்துபோனார். ஆன்ட்டி வெம்பிளிக்கு, தங்கை வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. இப்போது பக்கத்து வீட்டில் ஒரு போர்ச்சுகல் தம்பதி இருக்கிறார்கள், கதவை விரியத் திறந்து போட்டுக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

ஆன்ட்டி கிளம்புவதற்கு முன், காரியங்கள் முடிந்து உறவினர்கள் கலைந்த மறுநாள் மாலை, சுவரில் டொக் டொக் கேட்டது. ஓடினேன். கதவு திறந்தே கிடந்தது. ஆன்ட்டி சுவருக்குப் பக்கத்தில், தட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருந்தார். கோட்டு ஆணியில் தொங்கியது.

"பழக்கத்தில தட்டிப்போட்டன் தம்பி" என்றார். நான் திரும்பிப் போகப் பார்த்தேன். "வந்தது வந்திட்டியள், மன்னிப்பைக் கேட்டிட்டுப் போங்கோ" என்றார்.

நாற்காலிக்கு முன்னால் நின்றேன். "நான்தான் ஐயா. தப்புதான். மன்னிச்சுக்குங்க" என்றேன். வழக்கமான இடத்தில் பதில் வரவில்லை. எனக்குப் பின்னாலிருந்து ஆன்ட்டியின் குரல் கேட்டது.

"சரி. இனிச் செய்யாதை. போ."